கூத்து இரவுக்கு எந்தக் கேமரா: பெரிய சென்சாரா, அகன்ற லென்ஸா?

கூத்துரசிகர்

அனைவருக்கும் வணக்கம். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் நடக்கும் தெருக்கூத்தை முறையாகப் படமெடுத்து ஆவணப்படுத்த விரும்புகிறேன். ஆட்டம் இரவில் தொடங்கி விடியும்வரை நடக்கிறது. வெளிச்சம் என்று இருப்பவை இரண்டு மூன்று குழல்விளக்குகளும் ஓரிரு எல்இடி ஃபோகஸ் விளக்குகளும்தான். ஆட்டக்காரரின் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் ஃப்ளாஷ் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. செகண்ட்ஹேண்டில் ஒரு ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவும் அதோடு சேர்த்துத் தரும் எஃப்/4 ஜூம் லென்ஸும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் வாய் அகலம், ஒளி அதிகம்) வாங்கலாமா, அல்லது ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவும் நல்ல எஃப்/1.4 லென்ஸும் வாங்கலாமா? காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

முழுச்சட்டம்

தயங்காமல் ஃபுல் ஃப்ரேம் வாங்குங்கள் ஐயா. அதன் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) 36×24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. பரப்பு, ஏபிஎஸ்-சி சென்சார் பெரும்பாலும் 23.5×15.6 மி.மீ., ஏறத்தாழ 367 சதுர மி.மீ. ஒரே அபெர்ச்சர் (லென்ஸின் வாய்த் திறப்பு), ஒரே ஷட்டர் வேகம் என்றால் பெரிய சென்சார் மொத்தத்தில் சுமார் 2.35 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. இருட்டில் எடுத்த படத்தில் நாம் காணும் நாய்ஸில் (புள்ளி புள்ளியான கலங்கலில்) பெரும்பகுதி கேமராவின் குறையால் வருவதன்று. ஒளியே சீரற்ற துளிகளாக வந்து விழுவதால் உண்டாவது. எனவே சேரும் ஒளி கூடினால் படம் தெளியும். 2007-இல் நிக்கான் டி3 வந்தபோது, 12 மெகாபிக்சல் மட்டுமே கொண்ட அந்தக் கேமரா ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் எண்) 25600 வரை எட்டியதற்குச் சென்சாரின் பரப்பும் ஒரு முக்கியக் காரணம். லென்ஸை அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். சென்சாரை மாற்ற வேண்டுமானால் கேமராவையே மாற்ற வேண்டும்.

கண்ணாடிக்காரர்

பரப்புக் கணக்கு சரியானதே. ஆனால் நண்பர் கேட்டது எஃப்/4 ஜூமோடு வரும் ஃபுல் ஃப்ரேமைப் பற்றி. அந்த எஃப்/4 என்ன செய்யும் என்பதை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஆடுபவரின் கையும் சலங்கைக் காலும் ஓரளவு உறைந்து நிற்க 1/250 நொடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஃப்/2.8-இல் ஐஎஸ்ஓ 6400 கேட்கும் வெளிச்சம், எஃப்/4-இல் 12800 கேட்கும், எஃப்/1.4-இல் 1600 போதும். ஃபுல் ஃப்ரேமில் 12800 என்பது, நீங்கள் சொன்ன அதே 2.35 மடங்குக் கணக்கின்படி, ஏபிஎஸ்-சி-யில் சுமார் 5500-க்குச் சமமான நாய்ஸைத் தரும். அதாவது சிறிய சென்சார் தன் 1600-ஐ வைத்துக்கொண்டு பெரியதைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு ஒளி) முன்னே நிற்கிறது. அகன்ற வாய்க் குடத்தைத் தூறலில் வைத்துவிட்டு அதன் வாயைத் தட்டால் பாதி மூடுவது போன்றது பெரிய சென்சாரில் எஃப்/4 லென்ஸைப் பூட்டுவது.

முழுச்சட்டம்

எஃப்/4 லென்ஸோடு வாழ்நாள் முழுவதும் இருக்கச் சொல்லவில்லை. கேமரா உடலை மட்டும் வாங்கி, ஜூமை விட்டுவிட்டு, ஓர் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை வாங்கினால் கணக்கு அப்படியே திரும்பிவிடும். எஃப்/1.8-இல் அதே வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 2600 அளவில் போதும். ஃபுல் ஃப்ரேமின் 2600, ஏபிஎஸ்-சி-யின் 1100-க்குச் சமம். உங்கள் 1600-ஐ விட அரை ஸ்டாப் தெளிவு கூடுதல். எஃப்/1.8 லென்ஸ்களின் விலை எஃப்/1.4 லென்ஸ்களின் விலையைப் போல் எட்டாத உயரத்திலும் இல்லை. இரண்டு பக்கமும் அகன்ற லென்ஸை வைத்து ஒப்பிடுவதே நியாயமான ஒப்பீடு.

கண்ணாடிக்காரர்

அரை ஸ்டாப்புக்காக எவ்வளவு எடையையும் பணத்தையும் செலவிடுவது என்பது ஒருபுறம் இருக்கட்டும். கூத்தைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கட்டை வேடக்காரர் (மர அணிகலன் பூண்டு ஆடுபவர்) ஐந்து மீட்டர் தொலைவில் நிற்கிறார். தலையில் கிரீடம், இரு தோள்களிலும் கண்ணாடித் துண்டு பதித்த புஜக்கட்டைகள், நீட்டிய கையில் ஆயுதம். 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் வைத்தால், அந்தத் தொலைவில் தெளிவாக விழும் ஆழம் 40 செ.மீ. கூட இல்லை. அவர் பக்கவாட்டில் திரும்பியவுடன் ஒரு தோளணி தெளிவாகவும் மறு தோளணி கலங்கலாகவும் வரும். ஆவணம் என்றால் இரண்டும் தெரிய வேண்டும். அதற்காக எஃப்/2.8-க்குக் குறைத்தீர்களானால் ஐஎஸ்ஓ மறுபடியும் 6400-க்கு ஏறிவிடும். அந்தப் படத்தின் ஆழமும் நாய்ஸும், ஏபிஎஸ்-சி-யில் எஃப்/1.8-உம் ஐஎஸ்ஓ 2700-உம் வைத்து எடுத்த படத்தினுடையவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆழம் தேவைப்படும் இடத்தில் பெரிய சென்சாருக்கென்று தனி ஆதாயம் எதுவும் மிஞ்சுவதில்லை. 2023-இல் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ரா கோப்புகளுக்கென (கேமரா பதிந்த மூலக் கோப்புகளுக்கென) செயற்கை நுண்ணறிவால் நாய்ஸ் நீக்கும் வசதி வந்தபிறகு ஒரு ஸ்டாப் வேறுபாட்டைக் கணினியிலேயே சரிக்கட்டிக்கொள்ளவும் முடிகிறது.

முழுச்சட்டம்

ஆழம் பற்றிய பகுதியை ஏற்கிறேன். கடைசி வரியை ஏற்க மாட்டேன். நாய்ஸ் நீக்கும் மென்பொருள் இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. வியர்வையில் வெடித்த அரிதாரமும் கண்ணாடித் துண்டுகளைச் சுற்றியுள்ள பழைய பூச்சும்தான் நாளை ஓர் ஆய்வாளர் உற்று நோக்கப்போகும் இடங்கள். அங்கே வழவழவென்ற ஒரு தோலை மென்பொருள் வரைந்து கொடுத்தால் அது ஆவணமாகுமா? எடுக்கும்போதே ஒளியைச் சேர்ப்பதற்கு ஈடு கிடையாது. கூத்து முழுவதும் தோளணிப் படமாகவும் இருந்துவிடாது. திரைக்குப் பின்னால் நின்று ஆடும் வேடத்தின் முகம் முதன்முதலாக வெளிப்படும் அந்த ஒரு கணத்தில் ஆழம் பெரிதில்லை, ஒளிதான் பெரிது.

விளக்கடி

இருவரும் ஒளியின் அளவையே பேசுகிறீர்கள். அதன் தன்மையைப் பேசவில்லை. கூத்து மேடையில் பாதிப் படங்களைக் கெடுப்பது நாய்ஸ் அன்று, விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே பழைய குழல்விளக்குகளும் மலிவான எல்இடிகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/250-இல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் நிறம் மாறியும் வரும். எலக்ட்ரானிக் ஷட்டரில் பெரும்பாலான சென்சார்கள் வரிவரியாகப் படிப்பதால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். எனவே மெக்கானிக்கல் ஷட்டரும், துடிப்பின் உச்சத்தைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதியும் உள்ள கேமராவைத் தேர்ந்தெடுங்கள். 2014-இல் வந்த கேனான் 7டி மார்க் 2-இலேயே இது இருந்தது; இன்று பல நிறுவனங்கள் தருகின்றன. ஆட்டம் நிதானமாக இருக்கும் விருத்தப் பகுதிகளில் 1/100-க்கு இறங்கினாலே சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும்.

இன்னொன்று, சிவப்பு. சிவப்பு அரிதாரம் பூசிய முகத்தில் சிவப்பு எல்இடி விழுந்தால் படத்தின் சிவப்பு நிறப் பதிவு மட்டும் நிரம்பி வழிந்து, மூக்கும் கன்னமும் ஒரே திட்டாகிவிடும். மொத்த ஹிஸ்டோகிராமை (ஒளியின் அளவைக் காட்டும் வரைபடத்தை) நம்பாமல் மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

கூத்துரசிகர்

மிக்க நன்றி. இருட்டுக்கென்றே செய்தது என்று பெயர்பெற்ற சோனி ஏ7எஸ் முதல் மாடல் செகண்ட்ஹேண்டில் வருகிறது. அதை வாங்கலாமா?

விளக்கடி

வேண்டாம். 2014-இல் வந்த அந்தக் கேமராவின் 12 மெகாபிக்சல் சென்சார் ஐஎஸ்ஓ 409600 வரை போகும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் எடுக்கப்போவது 1600-க்கும் 12800-க்கும் இடையில். அங்கே 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் படத்தை அதே அளவுக்குச் சுருக்கி அச்சிட்டால் வேறுபாடு சொற்பமே. அதோடு அசைவதை விரைந்து பின்தொடரும் ஃபேஸ் டிடெக்ஷன் ஆட்டோஃபோகஸ் அதில் கிடையாது. மெதுவான கான்ட்ராஸ்ட் முறை மட்டுமே. உங்களை நோக்கிச் சுழன்றுவரும் ஆட்டக்காரரை அது விரட்டிப் பிடிப்பது கடினம். ஆட்டோஃபோகஸ் எந்த இருட்டு வரை வேலை செய்யும் என்பதைக் காட்டும் ஈவி (வெளிச்ச அளவு) எண்ணைப் பார்க்கும்போது, அந்த எண் எந்த லென்ஸுக்குச் சொல்லப்பட்டது என்பதையும் பாருங்கள். கேனான் ஆர்6-க்குச் சொல்லப்படும் மைனஸ் 6.5 ஈவி, எஃப்/1.2 லென்ஸோடு சேர்த்துச் சொன்னது.

கண்ணாடிக்காரர்

ஆட்டோஃபோகஸுக்கும் லென்ஸின் வாய் அகலம்தான் கைகொடுக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

கூத்துரசிகர்

எனக்கு இரு தோளணியும் தெரிய வேண்டும். விடியும்வரை கையில் ஏந்தி நிற்கவும் வேண்டும். ஆகையால் துடிப்பைச் சமாளிக்கும் வசதியுள்ள ஏபிஎஸ்-சி கேமராவும் 56 மி.மீ. எஃப்/1.4 லென்ஸும் வாங்குவதென்று முடிவு செய்கிறேன். மீதிப் பணத்தில் கூட்டத்தையும் மேளக்காரரையும் சேர்த்து எடுக்க 23 மி.மீ. லென்ஸ் ஒன்று பார்க்கிறேன்.

முழுச்சட்டம்

நான் இன்னமும் மாற்றுக் கருத்துடையவன்தான். ஆயினும் இதை வாங்குவதானால் ஒரு வேண்டுகோள்: ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பயந்து படத்தை இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் ஏற்றாதீர்கள். வேடத்தின் முகத்தில் விழும் ஒளியை அளந்து, சிவப்பு வழியாத எல்லை வரை ஷட்டரையும் அபெர்ச்சரையும் கொண்டு ஒளியை வாங்குங்கள். ரா கோப்பாகவே வையுங்கள். பின்னணி கருப்பாகப் போனால் போகட்டும், இரவுக் கூத்தின் பின்னணி கருப்புதான்.