வளவு வீட்டுக் குழு: சூட்டிங்குக்கு வீடு கேக்குறாக

தேனப்பன்: எல்லாருக்கும் வணக்கம். சென்னைல இருந்து ஒரு படக் கம்பெனி மேனேஜர் நேத்து வந்து வீட்டப் பாத்துட்டுப் போனாக. முகப்பு, பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் வேணுமாம். மாசி மாசம். வீட்ல பங்குள்ள புள்ளிக எல்லாரும் சரின்னாத்தான் கையெழுத்துப் போடுவேன். ராத்திரிக்குள்ள சொல்லுங்க

அழகப்பன்: எவ்வளவு

கண்ணாத்தாள்: மாசில முன்னோருக்குப் படைக்கிற படைப்பு இருக்கு தேனா

சோலை: ஹீரோ யாரு அப்பச்சி

அழகப்பன்: அண்ணே தொகை கேட்டீகளா இல்லையா

அழகப்பன்: போன தடவ சீரியல்காரன் பட்டாலைத் தூண்ல ஆணி அடிச்சுட்டுப் போனான். பர்மாத் தேக்கு. அந்த ஓட்டை இன்னும் இருக்கு. எவன் கேட்டான்

தேனப்பன்: அத மெழுகு வச்சு அடச்சாச்சு

அழகப்பன்: மெழுகு

மீனா: இன்னொன்னும் இருக்கு. மேனேஜரோட வந்த கோஆர்டினேட்டர்னு ஒருத்தர் வள்ளியப் பாத்துட்டு இந்த முகத்துக்கு சான்ஸ் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. போட்டோ எடுத்து ஆல்பம் போட நாப்பதாயிரம் கட்டணுமாம். இவ நேத்துல இருந்து சரியாச் சாப்புடல

வள்ளி: அம்மா இத ஏன் குரூப்ல போடுற

உமையாள்: காசு கட்டாதீக. முதல்ல அத நிறுத்துங்க. வாய்ப்புக் குடுக்குறவுக நமக்குக் காசு தரணும், நம்மட்ட வாங்கக் கூடாது. அண்ணே படத்தோட கதை என்னன்னு சொன்னாகளா

தேனப்பன்: ஊர்ல இருந்து போற பொண்ணு பெரிய நடிகையாகி பேர், பணம் எல்லாம் பாத்து கடைசில தனியாச் சாகுதாம். அது பொறந்த வீடுதான் நம்ம வீடு

கண்ணாத்தாள்: வீட்டுக்குள்ள சாகுற சீன் எடுக்கப்படாது. சொல்லிட்டேன்

உமையாள்: பெரியாச்சி அந்தச் சீன் சென்னைலதான் எடுப்பாக. நான் கொஞ்சம் நீளமா எழுதுறேன், வள்ளி நீயும் படி. இந்தக் கதை புதுசில்ல, ஏ ஸ்டார் இஸ் பார்ன்னு ஹாலிவுட்ல 1937ல எடுத்தாக, அதையே 1954, 1976, 2018ன்னு திரும்பத் திரும்ப எடுத்துட்டாக, ஒருத்தி மேல ஏற ஏற அவ புருசன் குடிச்சுக் கீழ போவான், அவ்வளவுதான் கதை, ஆனா சனம் சலிக்காமப் பாக்குது. சன்செட் புலிவார்டுன்னு 1950ல வந்த படத்துல பழைய ஊமைப்பட நடிகை ஒருத்தி, கொலை பண்ணிட்டு நிக்கிறா, போலீஸ் வந்துருச்சு, நியூஸ்காரன் கேமராவ சினிமா கேமரான்னு நெனச்சுக்கிட்டு மேக்கப் போட்டு மாடிப்படில ஒவ்வொரு படியா இறங்கி வர்றா பாருங்க, எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரல. அதுல நடிச்ச குளோரியா ஸ்வான்சன் நெசமாவே ஊமைப்படக் காலத்துல பெரிய ஸ்டார்

சோலை: அத்தை பாரா பாராவா வருது

உமையாள்: படிடா

அழகப்பன்: நம்ம வீட்லயே ஒரு படம் இருக்கே. சின்ன ஐயா படம் எடுக்கப்போயி எங்க பங்கு வெள்ளிச் சாமான் பூரா மெட்ராஸ்ல அடகுல முங்கிருச்சு

தேனப்பன்: உங்க பங்கு மட்டுமில்ல

அழகப்பன்: எங்களது அதிகம்

கண்ணாத்தாள்: அந்தப் பேச்ச விடுங்கப்பா. கண்ணதாசனே சொந்தப்படம் எடுத்துக் கடன்பட்டாக. அம்புட்டு சம்பாரிச்சவுகளுக்கே அப்படின்னா

சோலை: ஐயா ஏவிஎம் சூட்டிங் பாத்தாகன்னு சொல்வாகளே

தேனப்பன்: காரைக்குடில தேவகோட்டை ரோட்டுல கீத்துக் கொட்டகை போட்டு ஸ்டூடியோ வச்சிருந்தாக. நாம் இருவர் அங்கதான் எடுத்தது, 1947ல வந்துச்சு. மறு வருசம் மெட்ராஸ் போயிட்டாக. ஐயா சைக்கிள்ல போயி வேலிக்கு வெளிய நின்னு பாப்பாகளாம்

மீனா: வள்ளி விசயம் என்ன பண்ண

உமையாள்: அதுக்குத்தான் வர்றேன். சர்வர் சுந்தரம் 1964, அதே ஏவிஎம் எடுத்தது, நாகேஷ். ஓட்டல் சர்வர் பெரிய நடிகராயிடுவான், ஆனா ஆசப்பட்ட பொண்ணும் கெடைக்காது, பெத்த தாயும் இருக்க மாட்டாக. சிரிச்சுக்கிட்டே பாக்க ஆரம்பிச்சு கடைசில அப்பச்சி துண்டால மூஞ்ச மூடிக்கிட்டாக, பெரியாச்சிக்கு ஞாபகம் இருக்கும். இப்ப சாவித்திரி கதைய நடிகையர் திலகம்னு 2018ல எடுத்தாக, கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருது கெடச்சுது. சில்க் ஸ்மிதா வாழ்க்கைய வச்சு 2011ல டர்ட்டி பிக்சர், வித்யா பாலனுக்கும் விருது. நல்லாத்தான் நடிச்சாக. ஆனா இந்தப் படமெல்லாம் குடியையும் காதலையும்தான் காட்டுது. கையெழுத்து வாங்குனது யாரு, சம்பளப் பாக்கி வச்சது யாரு, நாள் பூரா வேல வாங்கிட்டு ஒடம்பு முடியலன்னா திரும்பிப் பாக்காதது யாரு, அதெல்லாம் அரை நிமிசம் வந்து போயிருது. எனக்கு அதுதான் ஆத்திரம். அழிஞ்சது அவ குணத்தாலதான்னு சனம் முடிவு பண்ணிட்டு வீட்டுக்குப் போயிருது. பசி படத்துக்கு ஷோபாவுக்குத் தேசிய விருது. 1980ல மே ஒண்ணாந்தேதி செத்துப்போச்சு, வயசு பதினேழு. வள்ளிக்கு இப்ப பத்தொம்பது

மீனா: ஆச்சி இப்படிச் சொன்னா எனக்குப் பயமா இருக்கு. வேணாம்னு சொல்லிரவா

வள்ளி: நான் இன்னும் ஒண்ணுமே சொல்லல

(வள்ளி இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்)

சோலை: என்ன அழிச்ச

அழகப்பன்: ராமநாதா நீ படிச்சுட்டுச் சும்மா இருக்க. ஒம் மகதானே

கண்ணாத்தாள்: படைப்புக்கு யார் யார் வர்றீக

உமையாள்: மீனா நான் வேணாம்னு சொல்லல. வள்ளி நீ பள்ளிக்கூடத்துல குறவஞ்சி நாடகத்துல நின்னப்ப நான் முன் வரிசைல இருந்தேன், உனக்கு வரும். போறதுன்னா கேக்க வேண்டியதக் கேட்டுட்டுப் போ. ஒப்பந்தம் எழுத்துல, தமிழ்ல. ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு தொகை. ராத்திரி எத்தன மணி வரைக்கும். ஒங்கூட ஒரு ஆள், நானே வர்றேன். துணி மாத்த ரூம், கக்கூசு எங்க இருக்குன்னு முதல்லயே கேளு, வெக்கப்படாத. கேரளாவுல ஹேமா கமிட்டின்னு 2017ல போட்டாக, 2019லயே அறிக்கை குடுத்தாச்சு, 2024 ஆகஸ்ட்லதான் வெளிய விட்டாக, அதுலயும் பல பக்கத்த மறச்சு. அதுல இருக்கு, கக்கூசு இல்லாததால பொம்பளைக தண்ணி குடிக்காமயே வேல பாத்துருக்காக. அப்புறம் பத்துப் பேரு, இல்ல அதுக்கு மேல வேல பாக்குற எடத்துல பாலியல் புகாருக்கு உள் குழு இருக்கணும்னு 2013லயே சட்டம் இருக்கு, படக் கம்பெனிக்கும் அதுதான். அது யாருன்னு பேரு கேளு. பேரு சொல்லாம மழுப்புனா அங்க வேல இல்ல

சோலை: இதெல்லாம் கேட்டா சான்ஸ் தருவானா அத்தை

உமையாள்: தராட்டிப் போகட்டும்

வள்ளி: அத்தை அந்த லிஸ்ட எனக்குத் தனியா அனுப்புங்க. நாப்பதாயிரம் கட்ட மாட்டேன். ஆனா டெஸ்ட் குடுக்கணும்னு ஆசையா இருக்கு. அதத்தான் எழுதி அழிச்சேன்

மீனா: என்ட்ட சொல்லிருக்கலாம்ல

வள்ளி: நீ அழுவ

தேனப்பன்: ராமநாதன் போன்ல பேசுனான். டெஸ்ட் குடுக்கட்டும், சென்னைக்கு உமையாளும் அவனும் கூடப் போறாகளாம். அந்தக் கோஆர்டினேட்டர் கம்பெனி ஆளுதானான்னு மேனேஜர்ட்ட நான் விசாரிக்கிறேன்

அழகப்பன்: அது அவுக இஷ்டம். வீட்டுக்கு நான் இன்னும் சரின்னு சொல்லல. தொகை தெரியாம சொல்ல மாட்டேன். ஆணி கூடாதுன்னு எழுதி வாங்குங்க

தேனப்பன்: படைப்பு முடிஞ்சு மறு வாரம் வச்சுக்கச் சொல்லவா

கண்ணாத்தாள்: மறு வாரம் தேவகோட்டைல கல்யாணம். சாமான் ரூம் சாவி வேணும்

அழகப்பன்: சாவி யார்ட்ட இருக்கு

தேனப்பன்: ஒன்ட்டதான் போன தீவாளிக்குக் குடுத்தேன்

அழகப்பன்: என்ட்ட இல்லண்ணே