சீமைக்கருவேல் தூர்: வெட்ட வெட்டத் துளிர்க்கிறது, என்ன செய்ய?

பரமக்குடி பக்கம் ஒன்றரை ஏக்கர். அப்பா போனபிறகு ஆறு வருசம் தரிசாகக் கிடந்து கருவை மண்டிவிட்டது. போன மாசியில் ஆள் விட்டுத் தரையோடு தரையாக வெட்டி, முள்ளைக் கொளுத்தினோம். ஆடிக்குள் ஒரு தூருக்கு ஏழெட்டுக் கிளை, இடுப்பு உயரம். முன்பு உள்ளே நடக்கவாவது முடிந்தது, இப்போது ஆடுகூட நுழையாது. தூர்கள் மணிக்கட்டு கனத்திலிருந்து தொடை கனம் வரை. சிலவற்றில் கல்லுப்பு கொட்டினேன், பலனில்லை. ஜேசிபி விட்டால் மேல்மண் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்பா வரகு விதைத்த மண் இது.

செவக்காட்டான்:
தம்பி, உப்பை முதல்ல நிறுத்துங்க. தூருக்கு முன்னாடி மண்ணு செத்துரும். கருவைக்கு மொட்டெல்லாம் தண்டும் வேரும் சேருற கழுத்துல, மண்ணுக்குள்ள இருக்கு. தரையோட வெட்டுனா அதுக்குக் கவாத்து பண்ணின மாதிரிதான். சுத்தி மண்ணைப் பறிச்சு, பருத்த கழுத்துக்குக் கீழ, ஓரடி ஆழத்துல வேரை வெட்டுங்க. கீழ நிக்கிற வேர் துளிர்க்காது. ஐப்பசியில ரெண்டு மழை விழட்டும், மணிக்கட்டு கனத்துத் தூரெல்லாம் கடப்பாரைக்கே அசையும். தொடை கனத்துக்கு மட்டும் ஜேசிபி. பின்பக்கெட்டால ஒவ்வொரு தூரா நோண்டச் சொல்லுங்க, முன்பக்கெட்டால வழிக்க விடாதீங்க. குழியை அன்னைக்கே மூடிடுங்க.

முதுகுளத்தூர்க்காரி:
கரிமூட்டம் போடுறவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க தம்பி. தூர்க்கரிக்காக அவங்களே தோண்டி எடுத்துக்குவாங்க, எங்களுக்கு அப்படித்தான் கூலி மிச்சமாச்சு. முள்ளைக் கையால இழுக்காதீங்க, கவைக்கம்பால தள்ளுங்க. செருப்போட போகாதீங்க, அந்த முள் டயரையே குத்தும். காலில் ஏறி முனை ஒடிஞ்சா வீட்டுல குடையாம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

செவக்காட்டான்:
ஒண்ணு விட்டுட்டேன். நாட்டுக்கருவேலும் உள்ள நிக்கலாம். பூ மஞ்சள் உருண்டையா, நெத்து மணி கோத்த மாதிரி இருந்தா அதுல கை வைக்காதீங்க. சீமைக்கருவைக்குப் பூ சரமா நீளும், நெத்து வைக்கோல் நிறம்.

கேட்டவர்:
மழை விழுந்தது. இரண்டு நாளில் நாற்பது சின்னத் தூர் எடுத்தோம். கழுத்து என்று நீங்கள் சொன்னதை நேரில் பார்த்தேன் அண்ணே: ஒரு சாண் ஆழத்தில் சேனைக்கிழங்கு போலப் புடைப்பு, அதில் கடுகு கடுகாக மொட்டு. போன வருசம் இதை அப்படியே விட்டுவிட்டுத்தான் கூலி கொடுத்திருக்கிறேன். பெரியது பதினெட்டு நிற்கிறது, மூட்டக்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். காலியான இடத்தில் ஆட்டுக்கிடை போடலாமா?

செவக்காட்டான்:
கருவை நெத்து உதிர்ற காலத்துல வேண்டாம். ஆடு நெத்தைத் தின்னும், விதை செரிக்காமப் புழுக்கையோட விழுந்து முளைக்கும். உழுது, பசுந்தாள் உரத்துக்குச் சணப்பையை நெருக்கமா விதைச்சு, பூக்கிறப்ப மடக்கி உழுங்க. நிழல்ல கருவைக் கன்னு தேறாது. மண்ணுக்குள்ள பழைய விதை கிடக்கும், அதனால ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு நடை போய்ட்டு வாங்க. நாலு இலையில கையோட வந்துரும், முழங்கால் உயரம் ஆகிட்டா மறுபடி கடப்பாரைதான்.