பண்ருட்டி இராமச்சந்திரன் கட்சி மாறியது பிழையா?

ஓமந்தையான்:
1983இல் இந்தியக் குழுவில் ஒருவராக ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்றவர் என்பதற்காகத் தமிழ்நாட்டு அரசியல்வாதி பண்ருட்டியாரின் கட்சித் தாவல்களை நாம் மறந்துவிட முடியாது. தி.மு.க. அமைச்சராக இருந்தவர், எம்.ஜி.ஆரிடம் போய் மின்துறை அமைச்சரானார், பின்னர் பாட்டாளி மக்கள் கட்சி (பா.ம.க.), சொந்தக் கட்சி, விஜயகாந்தின் தே.மு.தி.க., மறுபடியும் எம்.ஜி.ஆர். தொடங்கிய அ.இ.அ.தி.மு.க. குளம் வற்றினால் கொக்கு வேறு குளம் தேடும் என்பதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நெடுங்கேணி வாசகி:
அண்ணை, 1991இல் அந்தக் கொக்கு போனது வற்றிய குளத்துக்கு. 234 பேர் கொண்ட சட்டமன்றத்தில் பா.ம.க.வுக்குக் கிடைத்தது ஒரேயோர் ஆசனம். அந்த ஒருவராக யானைமீது ஏறிச் சபைக்குப் போனவர் இவர்தான். (யானை தேவைதானா என்பது வேறு விடயம்.) 2013 டிசம்பரில் தே.மு.தி.க.வை விட்டபோது ஆலந்தூர் ஆசனத்தையும் சேர்த்தே துறந்தார்.

ஓமந்தையான்:
தங்கச்சி, அது பெருந்தன்மை அல்ல. இந்தியாவில் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, தானாகக் கட்சியை விடுபவர் ஆசனத்தையும் இழப்பார். 2014 பெப்ரவரியில் அப்போதைய ஆளுங்கட்சியான அ.இ.அ.தி.மு.க.வில் சேர்ந்ததை எதில் சேர்ப்பது?

நெடுங்கேணி வாசகி:
அதே தே.மு.தி.க.வின் வேறு சில உறுப்பினர்கள், முதலமைச்சர் ஜெயலலிதாவைச் சந்தித்து அவர் பக்கம் சாய்ந்த பின்னரும், கட்சியை விட்டதாகச் சொல்லாமலே ஆசனத்தில் இருந்தார்கள். சட்டத்தில் அந்தச் சந்து இருந்தும் அதற்குள் நுழையாதவரை அவர்களோடு ஒரே தராசில் வைக்கிறீர்கள். தவிர, 2011இல் ஆலந்தூர் மக்கள் அவருக்கு வாக்களித்தது அ.இ.அ.தி.மு.க. கூட்டணி வேட்பாளர் என்ற வகையில்தான்.

மாங்குளம் மாஸ்டர்:
நம்மிடமும் ஓர் அளவுகோல் உண்டு. 1947இல் வவுனியாவில் சுயேச்சையாக வென்ற சுந்தரலிங்கம், இலங்கைப் பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமை தொடர்பான சட்டமூலத்தில் முரண்பட்டு 1948இல் வெளியேறினார். 1952இலும் 1956இலும் வவுனியா மக்கள் அவரை மீண்டும் தெரிவுசெய்தார்கள். ஒருவர் எத்தனை முறை மாறினார் என்பதை விட, எந்தக் காரணத்துக்காக எதை இழந்து மாறினார் என்பதைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள் என நினைக்கிறேன்.

ஓமந்தையான்:
மாஸ்டர், அந்த அளவுகோலை ஏற்கிறேன். அதனால்தான் பண்ருட்டியார் அதில் தேறமாட்டார் என்கிறேன். சுந்தரலிங்கத்தார் ஏன் வெளியேறினார் என்பதற்கு ஒரு சட்டமூலத்தைக் காட்டலாம். இவருடைய ஒவ்வொரு மாற்றத்துக்கும் அப்படி ஒன்றைக் காட்டுங்கள். 2016இல் அ.இ.அ.தி.மு.க. வேட்பாளராக அதே ஆலந்தூரில் நின்றபோது மக்கள் அவரைத் தோற்கடித்தார்களே.

நெடுங்கேணி வாசகி:
தோற்றார்தான். ஆனால் எம்.ஜி.ஆர். காலத்து நிலைப்பாடுகளில் எதை அவர் கட்சி மாறியபோது கைவிட்டார் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை, அண்ணை.