பேனலில் விடுபட்டவர்கள் எழுதுங்கள்

பதவி உயர்வுப் பட்டியலான பேனலில் நான் விடுபட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்களுடையதை எழுதுங்கள்.

குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராக வந்தவன் நான். அடுத்த மேசைக்காரரும் அதே பட்டியல்தான், மதிப்பெண் வரிசையில் எனக்குக் கீழே. பவானிசாகரில் அரசுப் பணியாளர் பயிற்சிக்கு ஒன்றாகப் போனோம், ஒரே அறையில் தங்கினோம்.

எங்கள் துறையில் உதவியாளர் ஆக இரண்டு துறைத் தேர்வுகள் தேறியிருக்க வேண்டும். ஒன்று அலுவலக நடைமுறை நூல் தேர்வு, இன்னொன்று சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வு முதல் பகுதி. தேர்வாணையம் மே, டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. கணக்குத் தேர்வைப் புத்தகம் வைத்து எழுதலாம் என்பதால் வீட்டில் யாரும் அதை ஒரு தேர்வாகவே மதிக்கவில்லை. எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாதவனுக்கு அந்தப் புத்தகம் வெறும் சுமைதான். இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாவது முறை டிசம்பரில் தேறினேன். முடிவு வந்ததும் நகலெடுத்து, பணியமைப்பு, அதாவது ஊழியர் பணி விவரங்கள், பார்க்கும் மேசையில் கொடுத்துவிட்டு வந்தேன். 'எஸ்.ஆர்.ல ஏத்திடுறேன் சார்' என்றார், பணிப்பதிவேட்டைத்தான் அப்படிச் சொல்வோம். ஒப்புகை வாங்கவில்லை. தினமும் சேர்ந்து டீ குடிக்கிறவரிடம் யார் ஒப்புகை கேட்பார்கள்?

மார்ச் 15 நிலவரப்படி பேனல் போட்டார்கள். அடுத்த மேசைக்காரர் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. காரணக் கட்டத்தில் 'கணக்குத் தேர்வு தேர்ச்சி பெறவில்லை' என்று இருந்தது. பணிப்பதிவேட்டை வாங்கிப் பார்த்தால், முதல் தேர்வு நீல மையில் அழகாகப் பதிவாகியிருக்கிறது. கணக்குத் தேர்வுக்கு ஒரு வரிகூட இல்லை.

'தக்க வழியாக', அதாவது மேலதிகாரிகள் ஒவ்வொருவர் மூலமாக, முறையீடு கொடுத்தேன். அந்த வழி எவ்வளவு நீளம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு குறிப்புரை, ஒரு நினைவூட்டு. அதற்குள் காலியிடங்களை நிரப்பிவிட்டார்கள். அவர் பதவி உயர்வில் வேறு அலுவலகம் போனார். அவருடைய இடத்துக்கு ஆள் போடவில்லை, அந்தக் கோப்புகளும் கூடுதல் பொறுப்பாக என் தலையில் விழுந்தன. ஒன்பது மாதம் அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தேன்.

2017 ஊதியத் திருத்தத்தில் இளநிலை உதவியாளர் தொடக்க ஊதியம் 19,500, உதவியாளருக்கு 20,600. இந்த 1,100 ரூபாய்க்கா இவ்வளவு சண்டை என்று என் மைத்துனர் கேட்டார். அதற்கு இல்லை. அடுத்த படியான கண்காணிப்பாளர் 36,900. ஓர் அலுவலகத்தில் அந்த நாற்காலி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். முன்னால் போனவர் அதில் உட்கார்ந்தால், பின்னால் நிற்பவர் உதவியாளராகவே ஓய்வுபெற வேண்டியதுதான்.

நான்கு வருடம் கழித்து எனக்கு நீதி கிடைத்தது என்று சொல்லலாம். 'கருத்தியலாக'ப் பதவி உயர்வு கொடுத்தார்கள். பழைய தேதி உண்டு, அந்தக் காலத்துக்கான நிலுவைத் தொகை இல்லை. பணிமூப்பில் என்னை அவருக்கு மேலே வைத்தார்கள். அவர் என்ன, சும்மா இருப்பாரா? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அதில் நான்காவது எதிர்மனுதாரர் நான். அறிவிப்பு வந்த அன்று அவரே போன் செய்து, 'தப்பா எடுத்துக்காதப்பா, வக்கீல்தான் உன் பேரையும் சேர்க்கணும்னார்' என்றார்.

*

கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன், பேனல் போட்ட பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மேலே எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், பாதித் தவறு அவருடையது. தற்காலிகப் பணிமூப்புப் பட்டியலைச் சுற்றுக்கு விட்டால், 'பார்வையிட்டேன்' என்று கையெழுத்துப் போடுகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் அதைப் பார்ப்பதில்லை. ஆட்சேபணைக்குக் கொடுக்கும் நாட்கள் ஓடிவிடும். பதவி உயர்வு ஆணை வந்த பிறகுதான் எல்லோருக்கும் விதி ஞாபகம் வரும். பணிமூப்பைத் திருத்தக் கோரும் மனுவை, அந்தப் பணியில் நியமனமான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும் என்பது பழைய பொது விதி 35(எஃப்). அதற்குப் பின் வந்தால் நேரே தள்ளுபடி. இதைக் காட்டி நான் திருப்பி அனுப்பிய மனுக்கள் கொஞ்சமல்ல. சிலவற்றில் நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குத் தூக்கம் போனது இனச்சுழற்சி, அதாவது இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு முறைவைத்து இடம் தரும் வரிசை, விவகாரத்தில்தான். தமிழ்நாடு அரசுப் பணியாளர்களுக்கான 2016 பணி நிபந்தனைகள் சட்டத்தின் 40-வது பிரிவு, பணிமூப்பை இனச்சுழற்சி வரிசைப்படி வைக்கச் சொன்னது. 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. தேர்வாணைய மதிப்பெண் வரிசைப்படிதான் பணிமூப்பு என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஓர் அவமதிப்பு வழக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பழைய பட்டியல்களை எடுத்துவைத்துத் திரும்ப வரிசைப்படுத்தினோம். பல வருடம் 'சீனியர்' என்று நடந்தவர் கீழே போனார், அவரை 'சார்' என்று கூப்பிட்டவர் மேலே வந்தார். இடஒதுக்கீடு வேலைக்குள் வருவதற்கான கதவு. உள்ளே வந்த பிறகு யார் முன்னால் நிற்பது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் கேண்டீனில் கத்தியவர்களுக்கு என்னால் கடைசிவரை புரியவைக்க முடியவில்லை.

*

நான் தட்டச்சர். எங்களுக்கும் இளநிலை உதவியாளர்களுக்கும் சேர்த்து ஒரே பட்டியல் போடும்போது, 'டைப்பிஸ்ட்டுக்கு என்ன கோப்புத் தெரியும்' என்று ஒருவர் காதுபடவே சொன்னார். இத்தனைக்கும் இரண்டு தேர்வையும் முதல் முறையிலேயே தேறியவள் நான். பேனலில் பெயரும் வந்தது. பணியிடம் அடுத்த மாவட்டத்தில். மகள் பத்தாம் வகுப்பு, மாமியார் படுக்கையில். இப்போதைக்குப் பதவி உயர்வு வேண்டாம் என்று தற்காலிகத் துறப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். துறந்தால் மூன்று ஆண்டுக்குப் பெயரை எடுக்க மாட்டார்கள். அந்த மூன்று ஆண்டில் என்னைத் தாண்டிப் போனவர்கள் பதினோரு பேர், எண்ணி வைத்திருக்கிறேன். யார்மேல் வழக்குப் போடுவது? கையெழுத்து என்னுடையது.

*

கருணை அடிப்படையில் வந்தவர்கள் யாரும் எழுதவில்லையே. அப்பா இறந்து, பதவியில் சேர்ந்து, என் நியமனத்தை முறைப்படுத்தும் ஆணை வர எனக்கு ஆறு வருடம் ஆனது. அதற்குள் நான் வேலை கற்றுக்கொடுத்த பையன் பட்டியலில் எனக்கு மேலே வந்துவிட்டான். நல்ல பையன்தான். இன்னும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறான்.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடியும். கண்காணிப்பாளர் ஐயா சொன்னது உறைத்தது. நேற்று பணியமைப்புப் பிரிவுக்குப் போய் என் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கணக்குத் தேர்வு ஏறியிருக்கிறது. கருத்தியல் பதவி உயர்வு ஆணை இன்னும் ஏறவில்லை. இந்த முறை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.