முள்ளுக் கத்திரியில் கொழுந்து இலை மஞ்சளாகிறது, உதவுங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டை மாடித் தோட்டம். குரோ பேக்கில் இலவம்பாடி முள்ளுக் கத்திரி, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ரகம். பங்குனிக் கடைசியிலிருந்து கொழுந்து இலைகள் மஞ்சளாகின்றன. நரம்பு மட்டும் பச்சையாக, வலை விரித்த மாதிரி தெரிகிறது. அடி இலைகள் நன்றாகவே இருப்பதால் தழைச்சத்துக் குறை என்று தோன்றவில்லை. இலைக்கு அடியில் பூச்சியும் இல்லை.

மண்புழு உரம், கடலைப் பிண்ணாக்குக் கரைசல், அப்புறம் வேப்பெண்ணெய் எல்லாம் கொடுத்தாயிற்று. பலனில்லை. கலவை செம்மண், தேங்காய் நார்க்கழிவு, தொழு உரம். வடிகால் ஓட்டை அடைக்கவில்லை. ஊற்றுவது போர் தண்ணீர். எங்கள் தெருவில் வேறு வழியும் கிடையாது. பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது, பை ஓரத்திலும் அதே வெள்ளை.

இரும்புச் சத்துக் குறைதான் என்றால், இலையில் ஃபெரஸ் சல்பேட் தெளித்தால் போதுமா, மண்ணின் காரத்தையும் குறைக்க வேண்டுமா?