வில்லனோவாவும் நட்சத்திரக் கணக்கும்: ப்ரன்சனை எங்கே ஒளிச்சு வச்சீங்க?

பந்துக்காரன்:
அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து பற்றி நேத்து இன்னொரு இழையில ரெட்ஷர்ட் ரங்கன் உதிர்த்த முத்து இது: "வில்லனோவா 2016லயும் 2018லயும் கோப்பை ஜெயிச்சது பேர் தெரியாத பசங்களை வச்சு. ரேங்கிங் குப்பை. பயிற்சிதான் எல்லாம்." கீழே கைதட்ட ஒரு கூட்டம் வேற. (ரேங்கிங்னா பள்ளிக்கூடப் பசங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துப் போடுற தரப்பட்டியல்.) ஐயா, அந்த ரெண்டு இறுதியாட்டத்துலயும் தொடக்க ஐந்து பேர்ல இருந்தது யாரு? ஜேலன் ப்ரன்சன். 2015 மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன். நாடு முழுக்கத் தேடி 24 பள்ளிக்கூடப் பசங்களை மட்டும் பொறுக்கி எடுக்கிற ஆட்டம் அது. இவரா பேர் தெரியாத பையன்?

ரெட்ஷர்ட் ரங்கன்:
வந்துட்டாரு ரேங்கிங் ஏஜென்ட். 13 ஸ்காலர்ஷிப் இருந்த அணியில ஒருத்தர் பேரைச் சொல்லிட்டா வாதம் முடிஞ்சுதா? மிக்கெல் பிரிட்ஜஸை எடுங்க. 2014-15 முழுக்க ரெட்ஷர்ட். அணியோட பயிற்சி, எடை தூக்குற அறை, ஆட்டத்துல மட்டும் இறங்கக் கூடாது. அடுத்த வருஷம் களத்துக்கு வந்தப்போ மூணு புள்ளி வீச்சு 29.9 சதவீதம். 2017-18ல 43.5. ஆட்டத்துக்குச் சராசரி 6.4 புள்ளியில இருந்து 17.7. தொழில்முறை லீகான என்பிஏ ஆள் எடுக்கிற டிராஃப்ட்ல 10வது. இதை எந்த நட்சத்திரம் முன்கூட்டிச் சொல்லிச்சு?

2018 இறுதியாட்டத்துல மிச்சிகனை 79-62ன்னு அடிச்சப்போ 31 புள்ளி போட்டது பெஞ்சுல இருந்து எழுந்து வந்த டான்டே டிவின்சென்சோ. உங்க ப்ரன்சன் இல்லை.

பந்துக்காரன்:
ப்ரன்சன் அந்த வருஷம் நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினவர். மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன். எதிராளி முழுப் பாதுகாப்பையும் அவர் பக்கம் இழுத்தா பிரிட்ஜஸ் மூலையில தனியா நின்னு வீசுறாரு, சதவீதம் ஏறத்தான் செய்யும். அப்புறம் ஓமரி ஸ்பெல்மன்? அவரும் பட்டியல்ல மேல இருந்தவர்தான். இப்போ ரெண்டாச்சு. இன்னும் எண்ணவா?

கென்டக்கி_குமார்:
ரெண்டு பேரும் அடிச்சுக்கிற நேரத்துல 2012 கென்டக்கியை மறந்துட்டீங்க. ஆண்டனி டேவிஸ், மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட், ரெண்டு பேரும் முதலாண்டுப் பசங்க. கன்சாஸை 67-59ன்னு தோற்கடிச்சு கோப்பை. அதே வருஷ டிராஃப்ட்ல 1, 2. ரேங்கிங் வேலை செய்யுதுன்னு இதைவிட என்ன வேணும்?

ரெட்ஷர்ட் ரங்கன்:
குமார், அந்த இறுதியாட்டத்துல கென்டக்கிக்கு அதிகமா புள்ளி போட்டது யாருன்னு பார்த்துட்டு வாங்க. டோரன் லாம்ப், 22 புள்ளி, ரெண்டாவது வருஷ மாணவர். பெஞ்சுல டேரியஸ் மில்லர், நாலாவது வருஷம். பயிற்சியாளர் கலிப்பாரி கென்டக்கியில 15 வருஷம் இருந்தாரு, கோப்பை ஒண்ணே ஒண்ணு. 2010ல ஜான் வால், கசின்ஸ்னு முதல் சுற்று டிராஃப்ட்டுக்குப் போன அஞ்சு பேர் ஒரே அணியில, இறுதி நாலுக்கே வரலை. 2013ல முதன்மைப் போட்டிக்கே இடம் கிடைக்காம, என்ஐடிங்கிற இரண்டாந்தரப் போட்டியில முதல் சுற்றுலயே ராபர்ட் மோரிஸ்கிட்ட 59-57ன்னு தோல்வி.

கென்டக்கி_குமார்:
2013ல நெர்லன்ஸ் நோயலுக்கு பிப்ரவரியில முழங்கால் தசைநார் அறுந்து போச்சு. அதை மட்டும் சொல்ல மாட்டீங்களே.

எண்கணக்கன்:
நடுவுல ஒரு கேள்வி. ரேங்கிங் எதை அளக்குதுன்னு முதல்ல முடிவு பண்ணலாமா? 18 வயசுப் பையன் என்பிஏல என்ன ஆவான்னு கணிக்கிறதா, இல்ல அடுத்த மார்ச்ல நடக்கிற தேசியப் போட்டியில கல்லூரிக்கு ஆட்டம் ஜெயிச்சுக் கொடுப்பானான்னா? ரெண்டும் வேற வேற. நீளமான கை, இளம் வயசு, தாவும் உயரம் எல்லாம் முதல் கேள்விக்கு மதிப்பெண். நாலாவது வருஷம் படிக்கிற 22 வயசு ஆளோட தோள்பலம் ரெண்டாவதுக்கு. 2018 டிராஃப்ட்ல பிரிட்ஜஸ் 10, டிவின்சென்சோ 17, ஸ்பெல்மன் 30, நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் ப்ரன்சன் 33. ஒரே அணிக்குள்ளேயே வரிசை தலைகீழா இருக்கு பாருங்க.

பந்துக்காரன்:
33ல போனாலும் மெக்டொனால்ட்ஸ் மெக்டொனால்ட்ஸ்தான்.

மிட்மேஜர் முருகு:
ஸ்டீபன் கரி ஆடினது டேவிட்சன். ஜா மொரான்ட் மர்ரே ஸ்டேட். ரெண்டும் சின்னக் கல்லூரி. மொரான்ட் பள்ளிக்கூட நாள்ல சயான் வில்லியம்சனோட ஒரே கிளப்ல ஆடினவர். 2019 டிராஃப்ட்ல சயான் 1, மொரான்ட் 2. பட்டியல்ல மட்டும் ஒருத்தர் உச்சியில, இன்னொருத்தர் ஆளே காணோம்.

எப்படித் தவறுதுன்னா, பட்டியல் போடுறவங்க கூடுற இடம் நைக், அடிடாஸ், அண்டர் ஆர்மர் நடத்துற கோடைச் சுற்றுகள். ஜூலையில நார்த் அகஸ்டால பீச் ஜாம்ங்கிற போட்டி. அங்க ஒரே அணியில பந்து கேட்கிற கார்டு (பந்தைக் கொண்டுபோற ஆட்டக்காரன்) நாலு பேர் இருப்பான். மூலையில நின்னு, சரியா உதவிப் பாதுகாப்புக்கு ஓடி, கூடுதலா ஒரு பாஸ் போடுறவன் யார் கண்ணுக்கும் படமாட்டான். பெரிய சுற்றுக்கே வராதவன் கதை இன்னும் மோசம். அப்புறம் டியூக் மாதிரி பெரிய கல்லூரி ஸ்காலர்ஷிப் கொடுத்தா மறுவாரமே இடம் ஏறும். பையன் ஒரு வாரத்துல என்ன கத்துக்கிட்டான்?

பந்துக்காரன்:
350க்கும் மேல கல்லூரி இருக்கிற முதல் பிரிவுல மொரான்ட் மாதிரி எத்தனை பேர்? லாட்டரி அடிச்சவனை மட்டும் காட்டி சீட்டு வாங்கச் சொல்றீங்க. டேவிஸ் பள்ளியில குட்டி கார்டா இருந்தாரு, கிளீவ்லாண்ட் ஸ்டேட் மட்டும்தான் கூப்பிட்டுச்சு. வளர்ந்ததும் பட்டியல்ல முதலிடம். ரேங்கிங் திருத்திக்குது சார்.

ரெட்ஷர்ட் ரங்கன்:
இஞ்சு டேப் நகர்ந்த பிறகு பட்டியலும் நகர்ந்துச்சு. இதுக்கு எதுக்கு நிபுணர், தையல்காரரே போதும்.

வில்லனோவாவோட அப்போதைய பயிற்சியாளர் ஜே ரைட் என்ன சொல்லிக் கொடுத்தாருன்னு தெரியாமலே பேசுறீங்க. வளையத்துக்கு ஓடுற கார்டு ஒத்தைக் காலால எகிறினா காத்துல முடிவை மாத்த வழியில்லை. உயரமான ஆள் வந்தா தட்டிவிடுவான், இல்ல தடுமாறி மோதி ஃபவுல். வில்லனோவாவுல ரெண்டு காலையும் ஒரே நேரத்துல ஊன்றி நிறுத்தணும். பிறகு ஏமாத்து வீச்சு, ஒரு காலை அச்சா வச்சுத் திரும்பு, வழி இல்லைன்னா வெளியே மூணு புள்ளிக் கோட்டுக்குப் பாஸ். இதுல கெட்டுப்போற இடம் ரெண்டு. காலு ஒண்ணு பின்னால ஒண்ணா விழுந்தா அச்சுக் கால் முன்னமே முடிவாயிடும், மத்ததை அச்சா வச்சுச் சுத்தினா டிராவல்ங்கிற விதிமீறல். வளையத்துக்கு நேர் கீழ போய் நின்னா வீசக் கோணமே இருக்காது. ரெண்டடி முன்னாடியே நிக்கணும். இது பழக்கத்துல ஏற மாசக்கணக்கு ஆகும். 2018 அரையிறுதியில கன்சாஸுக்கு எதிரா மூணு புள்ளி 18 விழுந்தது இந்த வெளிப் பாஸ்கள்லதான்.

பந்துக்காரன்:
அருமையான பாடம். இதை அந்த அணியில எல்லாரையும்விட நல்லா செஞ்சது யாரு? ப்ரன்சன். அவங்க அப்பா ரிக் ப்ரன்சன் என்பிஏ ஆடினவர். கால் வேலையெல்லாம் வீட்டிலேயே கத்துக்கிட்டு, மெக்டொனால்ட்ஸ் சட்டையும் போட்டுட்டுத்தான் வந்தாரு. ரைட் வாங்கினது தயார் நிலைச் சரக்கு.

ரெட்ஷர்ட் ரங்கன்:
தயார் நிலைச் சரக்கு முதல் வருஷம் சராசரி 9.6 புள்ளி, மூணாவது வருஷம் 18.9. நடுவுல நடந்ததுக்குப் பேர் என்ன?

பந்துக்காரன்:
வயசு.

எண்கணக்கன்:
என் கேள்வி அப்படியே கிடக்கு.

கென்டக்கி_குமார்:
ரங்கனுக்கு 2023 மார்ச் ஞாபகம் இருக்கா? ஜாக் ஈடிதான் வளர்ச்சிக்குச் சான்று, பர்டியூ நிச்சயம் கோப்பைன்னு அடிச்சு விட்டாரே. 16வது, அதாவது கடைசித் தரத்துல வந்த ஃபேர்லி டிக்கின்சன்கிட்ட 63-58. அன்னைக்கு ராத்திரியே பதிவைக் காணோம்.

ரெட்ஷர்ட் ரங்கன்:
பதிவை எடுத்தது மட்டுறுத்துநர், நான் இல்லை. ஈடி 21 புள்ளி, 15 ரீபவுண்டு எடுத்த ஆட்டம் அது. முன்னாடி ஒருத்தன் பின்னாடி ஒருத்தன்னு அவரைப் பூட்டினாங்க, வெளிய நின்னவங்க மூணு புள்ளியில 26க்கு 5. ஈடி பட்டியல்ல நானூறுக்கு அப்பால் கிடந்தவர். சராசரி 8.7 புள்ளியில தொடங்கி நாலாவது வருஷம் 25.2. சிறந்த ஆட்டக்காரர் விருது ரெண்டு தடவை. ரால்ஃப் சாம்ப்சனுக்கு அப்புறம் அடுத்தடுத்த வருஷம் வாங்கினவர் அவர்தான்.

பந்துக்காரன்:
7 அடி 4 அங்குலம். இதையும் பயிற்சியாளர்தான் வளர்த்தாரா? இப்பத்தான் தையல்காரர் ஜோக் அடிச்சீங்க.

மிட்மேஜர் முருகு:
உயரம் மட்டும் போதும்னா நானூறுக்கு அப்பால ஏன் போட்டாங்க? முதல் ரெண்டு வருஷம் சக வீரர் ட்ரெவியன் வில்லியம்ஸோட நேரத்தைப் பிரிச்சுக்கிட்டாரு, ரெண்டாவது வருஷம் சராசரி 19 நிமிஷம். அவ்வளவு பெரிய உடம்பு மேலும் கீழும் ஓடினா மூச்சு வாங்கும், கால் நகராது, கை நீளும், ஃபவுல் விழும். அதைச் சரி பண்ண குறுக்கு வழி கிடையாது. ஆட்ட பருவத்துல வாரம் 20 மணி நேரத்துக்கு மேல கட்டாயப் பயிற்சிக்கு கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவோட விதி விடாது. அதனால இதெல்லாம் கோடையில, கோடை கோடையா நடக்கிற வேலை. ஒரே வருஷத்துல ஓடிப்போறவனுக்கு எத்தனை கோடை கிடைக்கும்?

கென்டக்கி_குமார்:
அந்தக் காலமெல்லாம் போச்சு. 2025ல ஜெயிச்ச ஃப்ளோரிடாவைப் பாருங்க. வால்டர் கிளேட்டன் அயோனாவுல இருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்ல இருந்து, அலிஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்ல இருந்து, எல்லாரும் கல்லூரி மாறி வந்தவங்க. வளர்க்கிறது ஒரு வீடு, அறுக்கிறது இன்னொரு வீடு. சின்னக் கல்லூரிக்காரன் உழைப்புக்கு முருகு கைதட்டலாம், கோப்பை வேற ஊருக்குப் போகும்.

மிட்மேஜர் முருகு:
அதே வருஷம் பட்டியல் உச்சியில இருந்து வந்த கூப்பர் ஃபிளாக் ஆடின டியூக் அரையிறுதியில ஹூஸ்டன்கிட்ட 70-67. அதுக்கு என்ன பதில்?

கென்டக்கி_குமார்:
என்னைக் கேட்டா? நான் டியூக்கா?

பந்துக்காரன்:
தலைப்புக்கு வாங்க. "பேர் தெரியாத பசங்க"ன்னு எழுதினதை ரங்கன் வாபஸ் வாங்கணும். ப்ரன்சன் மெக்டொனால்ட்ஸ். டிவின்சென்சோ 2015-16ல உட்கார்ந்தது ரெட்ஷர்ட் திட்டமும் இல்லை, பாத எலும்பு முறிஞ்சதால. எலும்பு முறிவும் இப்போ பயிற்சி முறையில சேர்த்தியா?

ரெட்ஷர்ட் ரங்கன்:
அந்த வருஷம் அரையிறுதிக்கு முன்னாடி பயிற்சியில எதிரணி ஓக்லஹோமாவோட பட்டி ஹீல்ட் மாதிரி ஆடிக் காட்டினது அதே டிவின்சென்சோ. கோட்டுக்கு ரெண்டடி வெளியே நின்னும் வீசுவாரு, சொந்த அணியே தடுக்க முடியாமத் திணறிச்சு. ஆட்டத்தன்னைக்கு ஹீல்டுக்கு 9 புள்ளிதான். ஸ்கோர் 95-51. ஆட முடியாம உட்கார்ந்த வருஷத்துலயும் ஒருத்தன் அணிக்கு வேலைக்காவான்னு அங்கதான் தெரியும்.

பந்துக்காரன்:
அந்த 95-51 ஆட்டத்துல தொடக்க ஐந்துல யாரு இருந்தான்னு நீங்களே சொல்லிடுங்க.

ரெட்ஷர்ட் ரங்கன்:
ஜோஷ் ஹார்ட்.

பந்துக்காரன்:
அவர் பக்கத்துல?

கென்டக்கி_குமார்:
நோயல் முழங்காலுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.