கற்பு வார்த்தைப்பாடு பற்றி நவதுறவியரிடம் பேச உதவி வேண்டும்

அன்புச் சகோதரிகளே, தந்தையர்களே,

துறவற சபையில் சேர்ந்தவர்கள் வார்த்தைப்பாடு கொடுக்குமுன் பயிற்சி பெறும் நவதுறவகத்தில், இளம்பெண்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பில் இருக்கிறேன். திருச்சபைச் சட்டம் 599, கற்பு வார்த்தைப்பாட்டை, அதாவது மணம் துறந்து வாழ்வதாகக் கடவுளுக்குத் தரும் உறுதிமொழியை, விண்ணரசுக்காக, பிளவுபடாத இதயத்தோடு ஏற்பதாகச் சொல்கிறது. பிள்ளைகள் அதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஒருவர் மேல் ஈர்ப்பு வந்தால், இரவில் தனிமை அழுத்தினால் என்ன செய்வது என்று கேட்க வாய் வருவதில்லை. உணர்வு எழுவதே பாவம் என்று நினைத்து உள்ளுக்குள் குமைகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை. ஆசையை மறைத்துப் பூட்டி வைப்பது துறவறம் ஆகாது. உடலை அறிந்து, நல்ல நட்புகளோடு, மனசாரத் தேர்ந்து வாழ்வதுதான் நிலைக்கும்.

துறவற வாழ்வை அறிந்த பெண் உளவியல் ஆலோசகர், தமிழில் பேசக்கூடியவர், யாராவது தெரியுமா? வகுப்பு மட்டும் போதாது, தனியாகவும் பேச வேண்டும். அங்கே பேசுவது எதுவும் சபைத் தலைவியிடமோ என்னிடமோ வரக்கூடாது. மனச்சான்றைத் திறந்து காட்டும்படி தலைவர்கள் எவரையும் தூண்டக் கூடாது என்று சட்டம் 630 சொல்கிறதே.

அப்புறம், வார்த்தைப்பாடு கொடுத்துப் பல ஆண்டு ஆன சகோதரிகளே, இளவயதில் உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியது என்ன? தனிச்செய்தியில் எழுதினாலும் சரி. பெயர் வெளியே போகாது.